பென்சில் எழுத்து உண்டா?

வெள்ளறடையிலிருந்து அந்த அழைப்பு வந்தபோது நான் பாறசாலையில் ஒரு ஆக்ரிக் கடையின் பின்பக்கம் காகிதக் குவியலுக்குள் குனிந்து நின்றிருந்தேன். பழைய இரும்பும் பாட்டிலும் காகிதமும் எடுக்கிற கடை அது. வாரத்துக்கு இரண்டு நாள் போவேன். மலையாளப் பத்திரிகை, பரீட்சைப் பேப்பர், கல்யாணக் கார்டு எல்லாவற்றுக்கும் அடியில் எப்போதாவது ஒரு தமிழ் வார இதழ் அகப்படும். அட்டையில் கையால் வரைந்த பெண் முகம் இருந்தால் அன்றைக்கு நல்ல நாள்.

போனில் பேசியவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும் என்று குரலை வைத்து நினைத்தேன். வீட்டில் ஓர் அலமாரி நிறையத் தமிழ்ப் புத்தகம் கிடக்கிறது, வந்து எடுக்க முடியுமா என்று கேட்டார். என்ன புத்தகம் என்று கேட்டேன்.

"எனிக்கு வாயிக்கான் அறியில்ல சேச்சி. தமிழாக்கும். அது மட்டும் தெரியும்."

கேரளத்துக்குள் இருக்கிற எங்கள் எல்லைப் பக்கத்தில் இப்படித் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருப்பது வழக்கம்தான். அம்மாவும் அப்பாவும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பார்கள். பிள்ளைகள் மலையாளம் படித்திருப்பார்கள். வீட்டுக்குள் எல்லோரும் பேசுவது தமிழ். ஆனால் எழுத்தைக் காட்டினால் பிள்ளைகள் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிடுவார்கள். என் மகளும் அப்படித்தான். வாசிக்கிறவருக்குக் கண் மங்கினதும் அலமாரி காலியாகும். அது என்னிடம் வரும். நான் போட்டோ எடுத்து வாட்ஸப் குழுவில் போடுவேன். கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ போய்விடும். என் மகளுக்கும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் தமிழ் எழுத்து தெரிந்திருந்தால் எனக்கு இந்த வியாபாரமே இருந்திருக்காது.

இந்த வேலைக்கு நான் வந்ததற்கு வாசிப்பு ஒரு காரணம். இன்னொன்று, எனக்கு ஓர் இடத்தில் இருக்க முடியாது. நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக் கடையில் நின்றேன், ஒரு டிடிபி சென்டரில் உட்கார்ந்தேன், தையல் கற்றேன். எதிலும் மதியத்துக்குமேல் கால் பரபரக்கத் தொடங்கிவிடும். பழைய புத்தகத்தில் அந்தக் கஷ்டம் இல்லை. ஒரு போன் வந்தால் கிளம்பிவிடலாம்.

அன்றைக்கே கிளம்பினேன். காரக்கோணம் வழியாகப் போகிற பஸ். வெள்ளறடையில் இறங்கி ஆட்டோ பிடித்து, ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவே ஏறிப் போகிற செம்மண் பாதையில் கடைசி வீடு. வாசலில் டைல்ஸ் அடுக்கி வைத்திருந்தது. உள்ளே ஒருவர் தரையில் சிமெண்ட் இழுத்துக்கொண்டிருந்தார். போன் பண்ணியவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார்.

அம்மா ரப்பர்ப் பால் எடுக்கப் போன இடத்தில் சரிவில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்து காரக்கோணம் ஆஸ்பத்திரியில் இருப்பதாகச் சொன்னார். ஆபரேஷன் ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தால் படி இறங்கி வெளியே கழிப்பறைக்குப் போக முடியாது. அதனால் அம்மாவின் அறையைப் பெரிதாக்கி, கூடவே ஒரு பாத்ரூம் கட்டுகிறார். அலமாரியை எடுத்தால்தான் சுவரை இடிக்க முடியும். அலமாரியின் அடித்தட்டில் கறையான் வேறு.

அம்மாவிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். சொல்லியாயிற்று என்றார். என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. அறையை ஒதுக்குகிறேன் என்று மட்டும்தான் அம்மாவிடம் சொல்லியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. அன்றைக்கு எனக்கு வேண்டிய பதில் கிடைத்துவிட்டது. நான் அலமாரியின் கதவைத் திறந்துகொண்டிருந்தேன்.

எண்பதுகள், தொண்ணூறுகளின் வார இதழ்கள், கட்டுக்கட்டாக. அவற்றுக்கு மேலே பதினொரு பைண்டிங் புத்தகங்கள். கடையில் கொடுத்துச் செய்ததல்ல. வாரா வாரம் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் இதழிலிருந்து பிரித்தெடுத்து, சாக்கு தைக்கிற சணலால் தைத்து, சேலைப் பெட்டி அட்டையை வெட்டி, மரச்சீனிக் கிழங்கு மாவில் காய்ச்சிய பசையால் ஒட்டியிருந்தது. மேலே காலண்டர்த் தாள். தையல் ஒரே சீராக இருந்தது. இப்படி ஒன்றுக்கு ஆள்கள் காத்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். முகத்தில் அதைக் காட்டாமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட்டேன்.

விலை பேசி, நான்கு சாக்கில் கட்டி, ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் கண்டக்டரின் முணுமுணுப்பையும் கேட்டுக்கொண்டு திரும்பினேன். காரக்கோணத்தில் பஸ் நின்றபோது கையில் பிளாஸ்குடன் ஏறியவர்களுக்கு வழிவிடச் சாக்கைக் காலால் நகர்த்தினேன். அந்தப் புத்தகங்களுக்கு உடைமைக்காரி அங்கேதான் எங்கேயோ ஒரு மாடியில் படுத்திருக்கிறார் என்ற நினைப்பு எனக்கு வரவே இல்லை.

குழுவில் படம் போட்ட அரை மணி நேரத்தில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார். ஓய்வு பெற்றவர், மரியாதையாகப் பேசுவார். கேள்வி எப்போதும் ஒன்றுதான்: பென்சில் எழுத்து உண்டா?

இது எங்கள் தொழிலில் முதல் கேள்வி. பேனா எழுத்து இருந்தால் ஒன்றும் செய்ய முடியாது, விலையைக் குறைக்க வேண்டியதுதான். பென்சில் என்றால் அழித்துவிடலாம். அதற்கென்றே நல்ல மெதுவான ரப்பர் வாங்கி வைத்திருந்தேன். பக்கத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரே திசையில் தேய்க்க வேண்டும், பிறகு பிரஷால் தூசியைத் தட்ட வேண்டும். பல நூறு புத்தகங்களுக்குச் செய்திருக்கிறேன். பெரும்பாலும் பால் கணக்கு, போன் நம்பர், குழந்தை கிறுக்கியது.

இந்த பைண்டிங்கிலும் பென்சில் எழுத்து இருந்தது, ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் கீழ் ஓரத்தில். டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மூன்று புத்தகங்களில் எழுத்தை அழித்து முடித்தேன். மறுநாள் காலையில் மயில் படம் போட்ட அட்டையுள்ள புத்தகத்தைக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன்.

நான்காவது புத்தகத்தைக் கையில் எடுத்தபோது கரண்ட் போயிற்று. டிவி நின்றது. ஜன்னல் ஓரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். செய்ய வேறொன்றும் இல்லாததால் அழிப்பதற்கு முன்னால் வாசித்தேன்.

உருண்டையான எழுத்து ஒன்று: "அண்ணன் சாகவில்லை. அடுத்த வாரம் வருவான்."

அதற்குக் கீழே ஒடுக்கமான, நிமிர்ந்த எழுத்து இன்னொன்று: "வருவான். பிணமாக."

பக்கத்தைத் திருப்பினேன். அடுத்த அத்தியாயத்தின் முடிவில் மறுபடி உருண்டை எழுத்து: "பொய். உயிரோடேதான் வந்திருக்கிறான். கடையிலே வைத்து வாசித்துவிட்டு வந்து என்னைப் பயமுறுத்துகிறீர்கள்."

அதற்குப் பதில்: "நீ பயந்தால் சாயா நன்றாக இருக்கிறது."

கையில் ரப்பர் அப்படியே இருந்தது. மேசையில் நேற்றைய தூசி கொஞ்சம் ஒட்டியிருந்தது, சாம்பல் நிறத்தில், சுருண்டு சுருண்டு. மீதியை நான் காலையிலேயே பெருக்கி வெளியே கொட்டிவிட்டேன். எழுந்து போய்க் குப்பையைப் பார்த்தேன். அதில் என்ன பார்க்க முடியும்? ஆனாலும் பார்த்தேன்.

கரண்ட் வந்த பிறகும் டிவி போடவில்லை. அன்றும் மறுநாளும் சமையலுக்கு எழுந்ததைத் தவிர மீதி எட்டையும் வாசித்தேன். அச்சிட்ட கதை எனக்கு ஓடவில்லை. ஓரத்தை மட்டும் வாசித்தேன். கணவன் இதழை வாங்கி முதலில் வாசித்துவிடுகிறான். மனைவிக்குக் கொடுக்கிறான். அவள் அடுத்து என்ன நடக்கும் என்று எழுதுகிறாள். அவன் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி அவளை ஏய்க்கிறான். ஒருநாள் கதாநாயகிக்காகச் சண்டை. ஒருநாள் கதையைப் பற்றி ஒன்றுமில்லை, "மீன் வாங்கவில்லையா" என்று மட்டும். ஒன்பதாவது புத்தகத்தின் பாதியில் ஒடுக்கமான எழுத்து நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு வாரம் உருண்டை எழுத்து தனியாக வந்தது. மூன்றாவது வாரம் ஒரு கோடு மட்டும். பத்தாவதிலும் பதினொன்றாவதிலும் எழுத்தே இல்லை. தையல் மட்டும் அதே சீராக இருந்தது.

இதழ்களின் தேதியை வைத்து அடுக்கிப் பார்த்தேன். நான் அழித்த மூன்றும்தான் முதல் மூன்று.

உடனே போன் பண்ணியிருக்க வேண்டும். பண்ணவில்லை. அடுத்த நாலைந்து நாள் நான் போகாத இடமில்லை. களியக்காவிளைக்குப் போய் ஒரு கடையில் ஒன்றும் வாங்காமல் நின்றேன். பொழியூரில் கடல் வாசல்வரை வந்துவிட்டதால் சாமான் ஒதுக்குகிற ஒரு வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள், போனேன். ஈரம் படாமல் இருக்கப் புத்தகங்களைப் படகு மூடுகிற தார்ப்பாயில் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த வீட்டுக்காரி சுருளைப் பிரித்துக் காட்டினாள். யார் வாசித்தது என்று கேட்டேன். அவளுக்கு நான் கேட்டது விசித்திரமாகப் பட்டிருக்கும். யாரோ என்றாள். எதையும் எடுக்காமல் திரும்பி வந்தேன். வீட்டில் கணவர், உனக்கு என்ன, கட்டிப்போட்ட பசு மாதிரிச் சுற்றிச் சுற்றி நடக்கிறாய் என்று கேட்டார். புத்தகம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றேன்.

பிறகு அந்தப் போன் வந்தது. பெண் குரல். பின்னால் ஆஸ்பத்திரி வார்டின் இரைச்சல்.

"நீயாக்கும் எனக்க புக்கெல்லாம் எடுத்துட்டுப் போனவ?"

ஆமாம் என்றேன்.

"எனக்க மவனுக்கு ஒண்ணும் அறியாது. அதுல ஒண்ணும் விக்காண்டாம் மக்கா. நான் வீட்டுக்கு வாறது வரைக்கும் வச்சிரு."

சரி அக்கா என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். போனை வைத்த பிறகு, அந்தச் சரி என்ற வார்த்தை மயில் அட்டைப் புத்தகத்துக்குப் பொருந்தாது என்பது தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலை காரக்கோணத்தில் இறங்கினேன். ஆஸ்பத்திரி வாசல்வரை போய்விட்டு, எதிரே உள்ள கடையில் ஒரு சாயா குடித்துவிட்டு, பாறசாலை பஸ்ஸுக்கு நின்றேன். பஸ் வந்தது. ஏறவில்லை. மறுபடி வாசலுக்குப் போனேன். உள்ளே ஓ.பி. டிக்கெட் வரிசையில், எனக்கு ஒரு வியாதியும் இல்லாமல், கொஞ்ச நேரம் நின்றேன். எனக்குப் பின்னால் நின்ற ஒரு பெரியவர் எந்த டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். அதற்குப் பிறகு அங்கே நிற்க முடியவில்லை. மாடி ஏறினேன்.

அறுபது வயது இருக்கும் அந்த அக்காவுக்கு. மெலிந்த, இறுகிய உடம்பு. காலை நீட்டிப் படுத்திருந்தார். நான் யார் என்று சொன்னதும் ஸ்டூலைக் காட்டினார். நான் உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது. நின்றபடியே சொன்னேன். மூன்று புத்தகத்தில் எழுத்தை அழித்துவிட்டேன், அதில் ஒன்று விற்றும் போய்விட்டது, அழிக்கும்போது வாசிக்கவில்லை.

அவர் கத்தவில்லை. எந்த மூன்று என்று கேட்டார். மயில் படம் போட்டது, பச்சை அட்டை, அட்டை கழன்றுபோனது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"அது அவரு என்னக் கெட்டின புதுசுல எழுதினதாக்கும்" என்றார். பிறகு கண்ணைத் திறந்து, "ரப்பரு வெட்டிப் பிழைச்ச வீடாக்கும் எங்களுக்கது. ரப்பரு வச்சே அழிச்சிட்டியே பிள்ளே."

கணவர் பனச்சமூட்டில் ரப்பர் ஷீட் எடுக்கிற கடையில் வேலை பார்த்தார் என்று பிறகு சொன்னார். அங்கேதான் இதழ் வாங்குவார். வீட்டில் அவர் அதிகம் பேசுகிறவரல்ல. மாமியாரும் கொழுந்தன்மாரும் நிறைந்த வீட்டில் பெண்டாட்டியோடு உட்கார்ந்து பேசுவது அன்றைக்கு வழக்கமும் இல்லை. இதழ் மட்டும் கைமாறும். யாருக்கும் அதில் சந்தேகம் வரவில்லை. இதையெல்லாம் அவர் எனக்காகச் சொன்ன மாதிரி இல்லை. மேலே விசிறியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பிறகு திடீரென்று திரும்பி, மற்றதை வாசித்தாயா என்று கேட்டார்.

வாசித்தேன் என்றேன்.

"எல்லாமா?"

"எல்லாம்."

அழித்ததற்கு வராத கோபம் அப்போது அவர் முகத்தில் வந்தது. காதுவரை சிவந்துபோனார். "அது எங்களுக்குள்ள உள்ளதாக்கும். உனக்கு அதுல என்ன சோலி?" என்றார். வாசிக்காமல் அழித்ததும் தப்பு, அழிக்காமல் வாசித்ததும் தப்பு. மகன் கஞ்சிப் பாத்திரத்துடன் வந்து, என்னைப் பார்த்துவிட்டு, அம்மாவையும் பார்த்துவிட்டு, பாத்திரத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். விற்றதையும் திருப்பி வாங்கிக்கொண்டு வா என்று மட்டும் சொல்லி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கோயம்புத்தூர்க்காரருக்கு வெளியே வந்து வராந்தாவிலிருந்தே போன் பண்ணினேன். விஷயத்தை முழுதும் சொல்லவில்லை, குடும்பத்தார் கேட்கிறார்கள் என்றேன். அவர் தர மறுத்தார். அந்தத் தொடர்கதையை வெகுகாலமாகத் தேடியதாகவும், இப்போது மனைவி தினமும் மத்தியானம் வாசித்துக்கொண்டிருப்பதாகவும், பாதியில் பிடுங்க முடியாது என்றும் சொன்னார். வேறொரு நல்ல பிரதி கொண்டுவந்தால் மாற்றித் தருவதாகச் சொன்னார். நியாயமான பேச்சு. எனக்குத்தான் அது இடி மாதிரி விழுந்தது. நாற்பது வருடப் பழைய வார இதழில் ஒரு குறிப்பிட்ட தொடர்கதை முழுதாக எங்கே கிடைக்கும்?

அதற்குப் பிறகு கிட்டத்தட்ட ஒன்றரை மாதம் அந்த ஒரு கதையைத் தேடினேன். மார்த்தாண்டத்தில் மூன்று கடை, நாகர்கோவிலில் நடைபாதை வியாபாரிகள், மூடிப் போன வாசகசாலை ஒன்றின் சாவி வைத்திருந்தவர், ஆக்ரிக் கடைகள் எல்லாம். மற்ற வியாபாரம் படுத்துவிட்டது. குழுவில் ஆர்டர் கேட்டவர்களுக்குப் பதில் போடவில்லை. வேறு நல்ல புத்தகங்கள் கண்ணில் பட்டன, விட்டுவிட்டு வந்தேன். பஸ்ஸில் யாராவது பழைய பத்திரிகைத் தாளில் ஏதாவது பொதிந்து வைத்திருந்தால் அது என்ன தாள் என்று எட்டிப் பார்க்கிற அளவுக்குப் போய்விட்டேன்.

கடைசியில் நெய்யாற்றின்கரையில் கிடைத்தது. நான் தையல் பழகின கடையில். ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அந்தக் கடையைக் காலி செய்து சாமான்களை வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அளவு கொடுக்க வருகிற பெண்கள் புரட்டுவதற்காகப் போட்டிருந்த பழைய இதழ்கள் ஒரு பெட்டியில் இருந்தன. அங்கே இருந்த காலத்தில் நான் ஒருநாள்கூட அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்ததில்லை. கதையில் இரண்டு வாரம் குறைந்தது, மற்றதெல்லாம் இருந்தது. மூலைகளில் சாக்கட்டி தீற்றியிருந்தது. கோயம்புத்தூர்க்காரரிடம் மறைக்காமல் சொன்னேன். இந்தமுறை பென்சில் எழுத்தின் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அவர் குறைகிற இரண்டு வாரத்தைத் தன்னிடமுள்ளதிலிருந்து ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, புத்தகத்தை அந்த வாரமே அனுப்பிவைத்தார். பொதியின் மேல் "ஜாக்கிரதை" என்று கையால் எழுதியிருந்தார்.

பதினொன்றையும் எடுத்துக்கொண்டு வெள்ளறடைக்குப் போனேன். புது அறையில் சிமெண்ட் வாசம் போகவில்லை. அக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல்வரை நடந்து காட்டினார், என்னிடம் பழைய கோபம் இல்லாதவர் மாதிரி. பிறகு கட்டிலில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகமாகக் கையில் எடுத்தார். பிரித்து, ஓரத்தை மட்டும் பார்த்து, மூடிப் பக்கத்தில் வைத்தார். எட்டு அங்கே சேர்ந்தது. மூன்றை என் பக்கம் தள்ளினார்.

"இது எனக்கு வேண்டாம்."

நான் திகைத்துப்போனேன். ஒன்றரை மாதம் அலைந்ததைச் சொன்னேன். சொல்லும்போதே என் குரல் உயர்ந்துவிட்டது என்று தெரிந்தது. அவர் பொறுமையாகக் கேட்டார்.

"நான் அறியும், நீ அலைஞ்சது. ஆனா எழுத்து அழிஞ்ச புக்கு எனக்கு எதுக்கு? அது கடையில உள்ள புக்காக்கும். அந்தக் கதை எனக்கு மறந்தும் போச்சு."

நான் விடவில்லை. மயில் அட்டையை எடுத்து ஜன்னல் பக்கம் கொண்டுபோய், பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் அழுந்திய தடம் காகிதத்தில் இருந்தது. வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் சில எழுத்துகள் தெரியும். இதை நான் ஒரு வாரமாக வீட்டில் செய்து பார்த்துவைத்திருந்தேன். அக்கா வாக்கரை நகர்த்தி நகர்த்தி வந்து குனிந்தார். வெகுநேரம் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. பிறகு நிமிர்ந்து, புத்தகத்தை என் கையிலேயே மூடினார்.

"பாதிதான் தெரியுது. பாதி தெரியுறது வேண்டாம் பிள்ளே. மனசு அதுலேயே கிடக்கும்."

அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. மருமகளை விளித்து எனக்கு மரச்சீனியும் மீன்கறியும் வைக்கச் சொன்னார். தனி இதழ்களை நானே விற்றுக்கொள்ளலாம், அதில் ஒன்றும் எழுதவில்லை என்றார். சாப்பிடும்போது, ரப்பருக்கு இப்போது விலை இல்லை, கால் சரியானாலும் இனி வெட்டப் போக மகன் விடமாட்டான், பகல் முழுதும் இந்த அறையில் என்ன செய்ய என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டாரா என்று தெரியவில்லை. அந்தக் கேள்வியை நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவள் நான்தான்.

மகன் என்னைப் பைக்கில் வெள்ளறடை ஜங்ஷனுக்குக் கொண்டுவிட்டார். பாதிச் சரிவில் வண்டியை மெதுவாக்கி, அந்தப் புத்தகங்களில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். அப்பா சாகும்போது தனக்கு ஐந்து வயது என்றார். ரேஷன் கார்டில் உள்ள கையெழுத்தைத் தவிர அப்பா எழுதிய எதையும் பார்த்ததில்லை. இத்தனை வருடம் அந்த அலமாரி அதே வீட்டில் இருந்தது, அதில் எழுதியது அப்பா என்று இப்போதுதான் தெரியும். அம்மாவிடம் கேட்டால், தமிழ் படித்துக்கொண்டு நீயே வாசி என்கிறாளாம். முப்பத்தாறு வயதில் அ, ஆ எழுத உட்கார முடியுமா என்று சிரித்தார். சிரிப்பு சரியாக வரவில்லை.

அம்மாவிடமே கேளுங்கள் என்றேன். அதுதான் முறை. எங்களுக்குள் உள்ளது என்று அக்கா சொன்னது காதில் இருந்தது. ஆனால் அவர் பதில் பேசாமல் ஓட்டிக்கொண்டு போனார், எனக்கு அந்த மௌனத்தைத் தாங்க முடியவில்லை.

"ஒரு இடத்துல உங்களைப் பத்தி எழுதியிருக்கு" என்றேன். "உங்களுக்குச் சுரம், அதனால இந்த வாரம் கதை வாசிக்கலைன்னு அம்மா எழுதியிருக்காங்க."

பைக் ஓரமாக நின்றது.

"அச்சன் என்ன எழுதினாரு?"

"கதை கிடக்கட்டும், காலையில டாக்டர்ட்ட கொண்டு போவோம்னு."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். மறுபடி மாட்டினார். "கொண்டு போனாரா?" என்று கேட்டார். அது எழுதியிருக்கவில்லை என்றேன். ஜங்ஷனில் என்னை இறக்கிவிட்டார். பஸ் புறப்படுகிறவரை அங்கேயே பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தார்.

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பஸ்ஸில் மூன்று தடவை இடம் மாறி உட்கார்ந்தேன். குழுவில் அன்றைக்கே எழுதினேன், இனி நான் அனுப்புகிற புத்தகங்களில் பென்சில் எழுத்து இருந்தால் இருக்கும், அழிக்க மாட்டேன் என்று. பாதிப் பேர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர் மட்டும் எழுத்துள்ளதாகப் பார்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து அக்கா போனில் விளித்தார். எடுத்தவுடனே, "எனக்க மவன்கிட்ட நீ என்னத்தச் சொன்னே?" என்றார்.

மறைக்கவில்லை. சுரத்தைச் சொன்னேன் என்றேன்.

"அது மட்டுமா?"

"அது மட்டும்தான் அக்கா."

திட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டு வாசலுக்கும் அடுக்களைக்கும் நடந்தேன்.

"கொண்டு போனாரு" என்றார் அவர். "மழையத்து, தோள்ல போட்டுட்டு. அவன்கிட்ட சொல்லிட்டேன். இனி நீ ஒண்ணும் சொல்லாண்டாம், கேட்டியா. மிச்சம் உள்ளத நான் சொல்லிக்கிடுவேன்."

சரி என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். அன்று மத்தியானத்துக்குள் அனுப்ப வேண்டிய இரண்டு பொதி மேசைமேல் கட்டாமல் கிடந்தது. நான் செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கி, முதலில் வந்த பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்ட பிறகுதான் அதன் ஊர்ப் பலகையை நான் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.